மணிக்கு நான்கு மைல்: நார்ஃபோக் ஆறுகளில் நான்கு இரவுகள்

ஹார்னிங் கிராமத்தைத் தாண்டியதும் ஆறு வளைகிற இடத்தில், நாணலை ஒட்டி ஒரு கொண்டை முக்குளிப்பான் அடைகாத்துக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தவள் என் மகள். அழுகிய நாணலையும் பாசியையும் குவித்து, தண்ணீரோடு தண்ணீராக மிதக்கும் ஒரு சின்ன மேடுதான் அதன் கூடு. நாங்கள் எங்கள் வாடகைப் படகின் இன்ஜினைத் தணித்து ஒதுங்கிப் போனோம். எதிரே ஒரு படகு வந்தது. ‘4’ என்று எழுதிய வேகப் பலகைக்கு நேர் முன்னால், அதற்கு இரண்டு மடங்கு வேகத்தில் எங்களைக் கடந்தது. அது கிளப்பிய அலை நாணலுக்குள் புகுந்து கூட்டைத் தூக்கியது, சாய்த்தது, மறுபடி தூக்கியது. பறவை எழுந்து ஓடவில்லை. கழுத்தை நீட்டி, உடம்பைக் கூட்டோடு அழுத்தி, அலை அடங்கும்வரை உட்கார்ந்தே இருந்தது. அந்தப் படகில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்து உற்சாகமாகக் கையசைத்தார்கள்.

வீடு திரும்பி மூன்று நாளாகிறது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் படங்களைக்கூடப் பிரிக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இடம், இங்கிலாந்தின் கிழக்கில் உள்ள நார்ஃபோக் பிராட்ஸ், ஆறுகளும் ஏரிகளும் பின்னிக் கிடக்கும் பகுதி. வடக்கே ப்யூர், ஆன்ட், தர்ன். தெற்கே யேர், வேவனி, செட். படகு போகக்கூடிய நீர்வழி மட்டும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இடையிடையே வரும் ஏரிகள் இயற்கையானவை என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். இடைக்காலத்தில் விறகுக்குப் பதிலாக எரிக்கக் கரிச்சேற்றை (peat) வெட்டி எடுத்த குழிகளில் தண்ணீர் புகுந்து உண்டானவை அவை என்பதை 1950களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர் நிரூபித்தார். கரை இன்றும் அப்படித்தான், கால் வைத்தால் அமுங்குகிற மண். அலை அடித்தால் கரையும்.

போன வழியை விரிவாக எழுதுவதாக இருந்தேன். லண்டனிலிருந்து நாரிச் வரை ரயில் என்பதோடு விட்டுவிடுகிறேன், ஏனென்றால் நாரிச்சில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். படகை எடுக்க வேண்டிய ஊரான ராக்ஸம் போகும் இணைப்பு ரயில் ரத்தாகிவிட்டது. கணவர், இரண்டு பிள்ளைகள், தம்பி, தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அம்மா, நான்கு பெட்டி, ஒரு அரிசிப் பை. இத்தனையையும் பார்த்த டாக்சிக்காரர் எட்டு மைல் தூரத்துக்கு 55 பவுண்டு கேட்டார். மீட்டர் போடச் சொன்னேன். பெரிய வண்டி, விடுமுறை வாரம் என்று ஏதேதோ சொன்னார். படகை மூன்று மணிக்குள் எடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் கொடுத்துத் தொலைத்தோம். பள்ளி விடுமுறை வாரம் என்பதால் படகு வாடகையே 1,100 பவுண்டைத் தாண்டியிருந்தது. டீசலுக்கு முன்பணம் தனி. அந்த 55 பவுண்டு எனக்கு இரண்டு நாள் உறுத்தியது.

படகு ஓட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்து சாவியைக் கையில் தருகிறார்கள். சுக்கானைத் திருப்பினால் கார்போல முன்பக்கம் திரும்பாது, பின்பக்கம் விலகும். பிரேக் கிடையாது, நிறுத்த வேண்டுமானால் பின்னோக்கி இயக்க வேண்டும். வேகம் காட்டும் மீட்டரும் எங்கள் படகில் இல்லை. இன்ஜின் நிமிடத்துக்கு இத்தனை சுற்று சுற்றினால் இத்தனை மைல் என்று ஓர் அட்டவணையைச் சுக்கான் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள்.

வேக வரம்பு இடத்துக்கு இடம் மாறும்: மணிக்கு 3 மைல் முதல் 6 மைல் வரை. நான்கு மைல் என்பது ஏறக்குறைய ஆறரை கிலோமீட்டர், கொஞ்சம் எட்டி நடப்பவரின் வேகம். அட்டவணையை மட்டும் நம்பினால் போதாது, ஏனென்றால் இவை ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், ஏறி இறங்கும் ஆறுகள். கடலை நோக்கித் தண்ணீர் வடியும்போது அதே சுற்றில் இன்ஜின் ஓடினாலும் கரையோடு ஒப்பிட்டால் படகின் வேகம் கூடிவிடும். ஓட்டத்தை எதிர்த்தால் ஊரும். சொல்லிக்கொடுத்தவர் கடைசியாக ஒன்று சொன்னார், அரை மணி நேரப் பாடத்தில் எனக்கு அதுதான் பெரிது: “அடிக்கடி திரும்பிப் பாருங்கள். உங்கள் அலை கரையில் போய் உடைந்தால், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் வேகம் அதிகம்.” இந்த நீர்வழிகளை நிர்வகிக்கும் பிராட்ஸ் ஆணையத்தின் காவலர்கள் ரோந்து வருகிறார்கள், வழக்குப் போடவும் முடியும். ஆனால் அத்தனை வளைவிலும் அவர்களால் நிற்க முடியாதே!

ஆற்றில் வலப்பக்கமாகப் போக வேண்டும். இதைப் பிரிட்டனில் கார் ஓட்டும் என் தம்பியின் கை முதல் நாள் முழுக்க மறுத்தது. பாய்மரப் படகுக்கு இன்ஜின் படகு வழிவிட வேண்டும். எதிர்க்காற்றில் அது கரைக்குக் கரை குறுக்கும் நெடுக்குமாக வரும். எந்தப் பக்கம் தப்புவது என்றே தெரியாது. அவசரப்படாமல் மெதுவாகி, அது திரும்பியதும் அதன் பின்பக்கமாகப் போய்விட வேண்டும். தர்ன் ஆறு வந்து சேரும் இடத்தில் ஒரே நேரத்தில் ஐந்து பாய்களைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

முதல் இரவு ரான்வொர்த். ராக்ஸத்தில் குரோமர் என்ற கடலோர ஊரின் நண்டு வாங்கியிருந்தோம், வேகவைத்தே விற்கிறார்கள். அம்மா அதை உடைத்துப் பார்த்து, “சதை இனிக்கிறது, இதில் தக்காளி போட்டுக் கெடுக்கக் கூடாது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இரண்டு அடுப்புள்ள அந்தச் சின்ன சமையலறையில் சின்ன வெங்காயம், பூண்டு, லண்டன் ஈஸ்ட்ஹாமில் வாங்கிய கறிவேப்பிலை, கடைசியில் அம்மியில் நுணுக்கியதுபோலக் கரகரப்பாக இடித்த மிளகு. பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு கிண்ணம் கொடுத்தோம். மாலை மழைக்குப் பிறகு வெளிச்சம் தண்ணீரில் கிடந்தது, கை முழுக்க மிளகு. இதற்கு மேல் ஒரு சாப்பாட்டை இந்த வருடம் சாப்பிடப் போவதில்லை.

இனி யார்மத். தெற்கு ஆறுகளுக்குப் போக வேண்டுமானால் கடலோர ஊரான கிரேட் யார்மத் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே இரண்டு பாலங்கள், உயர்நீரின்போது அடியில் கிடைக்கும் இடம் ஏறத்தாழ ஏழடிதான். நீரோட்டமும் கடுமை. ஆகவே வற்றம் (நீர் மிகத் தாழ்ந்திருக்கும் நேரம்) முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, ஓட்டம் தளர்ந்து நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கடக்க வேண்டும். எங்களுக்கு அன்று யார்மத்தில் வற்றம் 11.10, கடக்க வேண்டியது 12.10. ப்யூர் கரையில் உள்ள ஏக்கிளிலிருந்து அங்கே போக இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். தம்பி, “கொஞ்சம் பிந்தினால் வேகமாகப் போய்ப் பிடித்துவிடலாம் அக்கா” என்றான். இந்த ஆற்றில் நடக்காத காரியம் அது ஒன்றுதான். ஒன்பதே முக்காலுக்குக் கயிற்றை அவிழ்த்தோம்.

பாலத்தின் ஓரத்தில் அளவுப் பலகை நிற்கிறது, அந்த நிமிடத்தில் எத்தனை அடி இடம் இருக்கிறது என்று தண்ணீரே காட்டிவிடும். கணவர் உரக்க வாசித்தார். எங்கள் படகின் உயரத்தைவிட இரண்டடி கூடுதல். எல்லோரும் மேல்தளத்திலிருந்து இறங்கிக் குனிந்துகொண்டோம். பாலங்களைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கே மஞ்சள் கம்பம் ஒன்று உண்டு. குறுக்கே வெட்டாமல் அதைச் சுற்றிக்கொண்டுதான் திரும்ப வேண்டும், உள்பக்கம் முழுவதும் சேறு. எங்களுக்கு முன்னால் போன ஒருவர் குறுக்கே வெட்டினார். படகு மெல்ல நின்றது, அவ்வளவுதான். ஓதம் ஏறி வந்து தூக்கும்வரை காத்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை.

அடுத்தது ப்ரெய்டன் வாட்டர் என்னும் கழிமுகம். இங்கே வேக வரம்பே கிடையாது. அதனால் திறந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கடல்போல அகலமாகத் தெரியும். ஆழம் இருப்பது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சைக் கம்பங்களுக்கு நடுவில் மட்டும். கம்பங்களுக்கு வெளியே சேற்றுத்திட்டில் நூற்றுக்கணக்கில் பறவைகள் நடந்துகொண்டிருந்தன. நீரின் மேல் பறவை நடக்கிறது என்றால் அங்கே தண்ணீர் எவ்வளவு இருக்கும்?

யேர் ஆற்றங்கரை ஊரான ரீட்ஹாமில் படகைக் கட்டும்போது ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்துக் கட்டினோம்; ஓட்டத்தோடு வந்தால் படகு நிற்காமல் அடுத்த படகில் போய் மோதும். கயிற்றைத் தம்பி இறுக்கிக் கட்டிவிட்டான். இரவு ஒன்றரை மணிக்கு ஒரு நெறிபடும் சத்தம். டார்ச்சை அடித்துப் பார்த்தால் நீர் முழங்கால் உயரத்துக்கு மேல் இறங்கியிருந்தது, படகு ஒரு பக்கமாகக் கயிற்றில் தொங்கியது. முடிச்சு கல்லாக இறுகிப்போய், நகம் உடைந்தும் அவிழவில்லை. கணவர் மற்றொரு கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, படகு ஒரு குலுக்கலோடு தண்ணீரில் அமர்ந்தது. மறுநாள் முதல் நீளமாக விட்டுக் கட்டினோம்.

முடிந்த இடங்களில் ஆணையத்தின் 24 மணி நேர இலவசத் துறைகளைத் தேடிக் கட்டியதால் கரைக் கட்டணம் கொஞ்சம் மிச்சம். மெதுவாக ஓட்டியதால் டீசல் முன்பணத்தில் 38 பவுண்டு திரும்பி வந்தது. ராக்ஸத்திலிருந்து நாரிச்சுக்கு பஸ்ஸில் ஏறினோம். அரிசிப் பை காலியாகிவிட்டதால் ஒரு கை குறைவு.