தமிழ்ப் பிறப்புச் சான்றிதழும் அமெரிக்க விண்ணப்பமும்: மொழிபெயர்ப்பில் எங்கே சிக்குகிறது?

கிரீன் கார்டு விண்ணப்பத்தோடு வைக்கும் பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால், அமெரிக்கக் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்கும். அதற்காக மொழிபெயர்ப்பாளரிடம் வருகிறவர்கள் பலர் ஏற்கெனவே நோட்டரியிடம் போய்ப் பணம் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தச் செலவு தேவையே இல்லை. நோட்டரி உறுதிசெய்வது கையெழுத்தைத்தான். மொழிபெயர்ப்பு சரியா என்று அவர் பார்ப்பதில்லை. ஜெராக்ஸில் விழும் 'ட்ரூ காப்பி' முத்திரையும் மொழிபெயர்ப்புக்குச் சான்றாகாது.

அமெரிக்க விதி (கூட்டாட்சி விதித்தொகுப்பில் 8 சிஎஃப்ஆர் 103.2) கேட்பது மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியை. மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்பது ஒன்று. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க எனக்குத் திறன் உண்டு என்பது இன்னொன்று. கீழே பெயர், கையெழுத்து, முகவரி, தேதி போட்டால் போதும். உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த நண்பர் செய்யலாம். விண்ணப்பதாரரே தன் சான்றிதழை மொழிபெயர்த்துக் கையெழுத்திடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

தவறு பெரும்பாலும் 'முழுமை' என்ற சொல்லில்தான் நடக்கிறது. பெயர், தேதி, ஊர் மூன்றையும் எழுதிவிட்டு முத்திரையை விட்டுவிடுவார்கள். தாளில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் வர வேண்டும்: தலைப்பு, பதிவு எண், ஓரத்தில் பேனாவால் எழுதிய குறிப்பு, பின்பக்க எழுத்து, எல்லாமே. பழைய சான்றிதழ்களில் வட்ட முத்திரை பதிவாளர் கையெழுத்தின் மேல் ஏறி, ஊர்ப்பெயரில் பாதி மங்கியிருக்கும். படிக்க முடிந்ததை எழுதி, மற்றதை 'தெளிவாக இல்லை' என்று சதுர அடைப்புக்குள் குறிக்க வேண்டும். ஊர் தெரிந்ததுதானே என்று ஊகித்து நிரப்பக் கூடாது.

தேதியை எண்ணாக விடாதீர்கள். 03-04-1991 நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க அதிகாரிக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். பிறந்த தேதியையும் பதிவான தேதியையும் மாற்றிப் போட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

பெயரில்தான் அதிகக் கவனம் வேண்டும். 'கயல்விழி'யைப் பல விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். ஆனால் சான்றிதழில் 'செல்வி', பாஸ்போர்ட்டில் 'தமிழ்ச்செல்வி' என்றால் அது எழுத்துக்கூட்டல் வேறுபாடு இல்லை, பெயரே வேறு. மொழிபெயர்ப்பவர் அதைத் திருத்த முடியாது. தந்தை பெயரைக் கூடவே சேர்த்துவிடவும் முடியாது. பெயர் கட்டம் காலியாக இருந்தால் 'காலி' என்றுதான் எழுத வேண்டும். இப்படிப்பட்ட தாளை முதலில் பதிவாளர் அலுவலகத்தில் சரிசெய்து, புதுச் சான்றிதழ் வாங்கிய பிறகு மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். முன்பே செய்தால் இரண்டு முறை பணம் போகும்.

தமிழ்ச் சான்றிதழின் நகல், மொழிபெயர்ப்பு, உறுதிமொழி மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வரலாம். பதில் சொல்ல அதிகபட்சம் 12 வாரம்தான்.

இதே தாளை வேறு நாட்டுக்கு அப்படியே அனுப்பிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் செய்யும் மொழிபெயர்ப்புக்கு நாட்டி (NAATI, மொழிபெயர்ப்பாளர்களுக்கு அங்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் கேட்பார்கள். ஜெர்மனியில் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது வழக்கம். கனடா குடிவரவுத் துறை, குடும்பத்தார் செய்த மொழிபெயர்ப்பை ஏற்காது.