நகர்ந்தது ஸ்கோப் அல்ல

ஸ்பிரிங்கால் காற்றை அழுத்திச் சுடும் ஏர் ரைஃபிளில், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைப் புதிதாக மாட்டிய முதல் நாள், 10 மீட்டரில் ஐந்து பெல்லட்டும் (சிறு குண்டு) ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கின. நான்காம் நாள் அதே தூரம், அதே பெல்லட், ஆனால் ஓட்டைகள் தீப்பெட்டி அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. ஸ்கோப் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன்.

காரணம் இல்லாமல் இல்லை. விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் முன்னால் பாய, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் போய் முனையில் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்பக்கம் வெட்டி இழுக்கிறது. இந்த இரண்டாவது உதைதான் மோசம். வெடிமருந்துத் துப்பாக்கியின் பின்னுதையை மட்டும் மனதில் வைத்துச் செய்த ஸ்கோப்பின் உள்ளே லென்ஸ் தளர்ந்துபோவது இதனால்தான்.

திருப்பி அனுப்புமுன் ஒரு சோதனையாவது செய்வோமே என்று ஸ்கோப்பைக் கழற்றி, துணி சுற்றி, பெஞ்ச் வைஸில் லேசாகப் பிடித்தேன். எதிரே 10 மீட்டரில் வரைபடத்தாள். டரட்டில், அதாவது குறியை நகர்த்தும் திருகுக் குமிழில், ஒரு கிளிக் கால் எம்ஓஏ. ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. 10 மீட்டரில் 2.9 மி.மீ. ஆக, 40 கிளிக்குக்குக் குறுக்குக் கோடு 29 மி.மீ. நகர வேண்டும். பாரலாக்ஸ் வளையத்தை முதலில் 10-க்குத் திருப்பிக்கொண்டேன். இல்லாவிட்டால் கண் கொஞ்சம் அசைந்தாலே கோடும் தாளின் மேல் அசையும், அளந்ததெல்லாம் வீண்.

மேலே 40, வலம் 40, கீழே 40, இடம் 40. நான்கு மூலையும் சதுரமாகவே வந்தன; கடைசியில் புறப்பட்ட இடத்துக்கு ஒரு மி.மீ.க்கும் குறைவான தள்ளலில் வந்து நின்றது. ஒரே குறை, திசை மாற்றும்போது முதல் கிளிக்குக்குக் கோடு அசைவதே இல்லை. இரண்டு கிளிக் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் சரியாகிறது. கண்ணாடி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஓரங்கள் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்.

சரி, ஆனால் வைஸில் உதை இல்லையே. மறுபடி பழையபடியே மாட்டி, வெள்ளை பெயின்ட்டில் இரண்டு மெல்லிய கோடு போட்டேன். ஒன்று ஸ்கோப் குழாயும் அதைக் கவ்வும் ரிங்கும் சேரும் இடத்தில், இன்னொன்று ரிங்கைத் தாங்கும் மவுண்ட்டும் துப்பாக்கியின் மேல் உள்ள டவ்டெய்ல் தடமும் சேரும் இடத்தில். 30 பெல்லட் சுட்டுவிட்டுப் பார்த்தால், முதல் கோடு போட்டபடியே இருந்தது. இரண்டாவது உடைந்திருந்தது. மவுண்ட் ஏறத்தாழ ஒரு மி.மீ. பின்னால் ஊர்ந்திருக்கிறது. கையால் அசைத்தால் மெல்ல ஆடவும் செய்தது. துப்பாக்கி முன்னால் இழுபடும்போது ஸ்கோப்பின் எடை பின்தங்கப் பார்க்கிறது. பிடி போதாவிட்டால் மவுண்ட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது.

பிடி போதாததற்குக் காரணம் நானேதான். மவுண்ட்டின் அடியில் உள்ள ஸ்டாப் பின், தடத்தில் இருக்கும் குழிக்குள் இறங்கி உட்கார வேண்டும். கண்ணுக்கு வசதியான தூரம் கிடைக்கவில்லை என்று மவுண்ட்டை முன்னால் தள்ளி, பின்னை உள்ளே சுருக்கி வைத்திருந்தேன். போதாக்குறைக்குத் தடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு வேறு.

இந்த முறை இரண்டு துண்டு ரிங்கை விட்டுவிட்டு, ஒரே துண்டாக நீளமாக இருக்கும் மவுண்ட் வாங்கினேன். தடத்தை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். ஸ்டாப் பின் குழிக்குள் இறங்கிய பிறகு, ரிங்குக்குள் குழாயை முன்பின் நகர்த்திக் கண் தூரத்தைச் சரிசெய்தேன். தூக்குக்குண்டு நூலைப் பார்த்துச் செங்குத்துக் கோட்டை நேராக்கினேன். அப்புறம் ரிங் திருகுகள்: குறுக்கு மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி, 2 நியூட்டன் மீட்டரோடு நிறுத்திவிட்டேன். முதல் தடவை ஆலன் கீயைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கியதன் அடையாளமாகக் குழாயில் இரண்டு வளையத் தழும்பு இருக்கிறது. உள்ளே நசுங்காமல் விட்டதே பெரிது.

கோடுகளைப் புதிதாகப் போட்டுச் சுட்டு 100 பெல்லட் ஆயிற்று. இரண்டு கோடும் உடையவில்லை, குறி மறுபடி பொத்தானுக்குள் வந்துவிட்டது. இனி 25 மீட்டர். அங்கே அந்த ஒற்றைச் செத்த கிளிக்கே 1.8 மி.மீ. ஆகும், தாண்டிப் போய்த் திரும்பும் பழக்கத்தைக் கைக்கு இப்போதே ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.