யாஞிக்கு முந்தைய நாட்கள்

ஜூன் 10

இன்றிலிருந்து லீகோ (யாஞி விழாப் பாட்டு) பாடலாம். லாட்வியாவின் நடுக்கோடை விழாவான யாஞிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கி, 29-ஆம் தேதி பேதெரி (பேதுரு திருநாள்) நாளோடு நிறுத்திவிட வேண்டும். லாட்வியக் கிராமங்களில் இது எழுதாத சட்டம். பீருக்கு மால்ட்டும் இன்றே ஊறுகிறது. இதற்குமேல் தாமதித்தால் 23-ஆம் தேதி பீப்பாயைத் திறக்கும்போது பீர் பதமாக இருக்காது.

பாட்டுக்குச் சுருதி பிடிக்க இன்னும் ஆள் இல்லை.

ஜூன் 11

வயலோரத்துக் கேரவே (சீரகம் போலத் தெரியும் வாசனை விதை) இன்னும் பச்சைப் பிஞ்சு. ஜூலையில்தான் முற்றும். அதனால் யாஞிப் பாலாடைக்கட்டியில் விழுவது எப்போதும் போன வருட விதைதான். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் சட்டென்று மணம் எழ வேண்டும். எழாத விதையை இரண்டு மடங்கு போட்டாலும் கசப்புதான் ஏறும். சீரகம் இதற்கு மாற்று ஆகாது.

ஜூன் 13

சுருதி, சுருதி, சுருதி. மேற்கு லாட்வியாவில் அல்சுங்கா பக்கத்தில் வாழும் சிறு சமூகமான சுயிட்டிகளின் பெண்கள் பாடும் பாட்டில் மூன்று வேலை இருக்கிறது. ஒருத்தி அடியை எடுத்துச் சொல்வாள். இன்னொருத்தி அதை வாங்கித் திருப்பிப் பாடுவாள். மற்றவர்கள் 'ஏ' என்று ஒரே சுரத்தை இழுத்துப் பிடிப்பார்கள். பிடிப்பவர்கள் இரண்டே பேர் என்றால் இருவருக்கும் ஒரே சமயத்தில் மூச்சு முட்டும், நடுவில் பள்ளம் விழும். மூன்று பேர் இருந்தால் முறை வைத்து மூச்சு வாங்கலாம். மேலே பாடுகிறவள் தைரியமாக வார்த்தையைக் கட்ட முடிவதே அந்தப் பிடிமானத்தால்தான். சுயிட்டிகளின் வாழ்முறையை 2009-ல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் நல்லதுதான். ஆனால் 23 இரவு நெருப்பருகில் உட்கார்ந்து 'ஏ' பிடிக்க மூன்று தொண்டை வேண்டுமே.

பாட்டு நாலே அடி. எதுகை தேவையில்லை. பக்கத்து வீட்டு ரை தானியப் பயிரில் களை மண்டியிருந்தால் அதைச் சொல்லிக் கிண்டல் செய்யலாம், பாலாடைக்கட்டி தராத வீட்டம்மாவை வம்புக்கு இழுக்கலாம். கேட்பவர் கோபப்படக் கூடாது, பதில் பாட்டு கட்ட வேண்டும்.

ஜூன் 15

மழை. 23-ஐப் பற்றி வானிலைக்காரர்கள் இன்னும் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

ஜூன் 17

பாலாடைக்கட்டி ஒத்திகை. இது ஏன் இந்த விழாவுக்கு என்றால், ஜூனில் புல் செழித்துப் பசு அதிகம் கறக்கும் காலம் இது. வட்டமாகக் கட்டுவது சூரியனுக்காக.

3 லிட்டர் பால், 1 கிலோ பியெஸ்பியென்ஸ் (புளித்த பாலை வடித்த உதிரிக் கட்டி), 3 முட்டை, 100 கிராம் வெண்ணெய், 1 மேசைக்கரண்டி கேரவே, 2 தேக்கரண்டி உப்பு. பாலை 85 முதல் 90 டிகிரி வரை சூடேற்றி, உதிர்த்த பியெஸ்பியென்ஸைப் போட்டு, அதே சூட்டில் மெதுவாகக் கிளற வேண்டும். கொதிக்க விட்டால் பருக்கை ரப்பராகிவிடும். நீர் தெளிந்து பச்சை கலந்த மஞ்சளாகப் பிரிந்தால் சரி. வெள்ளையாகக் கலங்கியே நின்றால் சூடு போதவில்லை, அல்லது பியெஸ்பியென்ஸில் புளிப்பு போதவில்லை. நீண்ட நாள் கெடாத பெட்டிப் பால் இதற்கு வேண்டாம். ஏற்கெனவே கடும் சூடு கண்ட பால், இறுகத் திரளாது.

துணியில் வடித்ததும் ஆறவிடாமல், உருக்கிய வெண்ணெயில் போட்டு, முட்டையும் உப்பும் அடித்த கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அடுப்பு கூடினால் முட்டை பொரிந்து மஞ்சள் துணுக்காகத் தெரியும். சீக்கிரம் இறக்கினால் கட்டி உதிரியாக இருக்கும். பளபளத்துச் சட்டியை விட்டு ஒன்றாகச் சுருண்டு வரும்வரை கிளறினால் வழுவழுப்பாக வெட்டலாம். ஈரத்துணியில் கொட்டி, நான்கு மூலையையும் சேர்த்து முறுக்கி, முடிச்சைப் பக்கவாட்டில் தள்ளிப் பலகை வைத்துப் பாரம் ஏற்ற வேண்டும். சூட்டோடு பெரிய கல்லை வைத்தால் வெண்ணெய் வழிந்து ஓடிவிடும். முதலில் சின்னது, ஆறியபின் பெரியது.

இன்றைய கட்டியின் நடுவில் நீர் தேங்கியிருந்தது. துணி தளர்வு.

ஜூன் 18

மூன்றாவது தொண்டைக்கு ஒருவர் 'பார்க்கலாம்' என்றிருக்கிறார்.

ஜூன் 20

நெருப்பு. ரிகாவில் 23-ஆம் தேதி சூரியன் 22:22-க்கு மறையும், மறுநாள் 4:29-க்கு எழும். இங்கே மேற்கே தள்ளி இருப்பதால் இரண்டுக்கும் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். மறைவதற்குள் ஏற்றி, எழும்வரை அணையாமல் காக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் காய்ந்த பிர்ச், ஆல்டர் விறகு. ஸ்ப்ரூஸ் வேண்டாம், வெடித்துப் பொறி பறக்கும், தாண்டுகிறவர்கள் பாவாடையில் விழும். பீட் மண்ணில் (செடிகள் பாதி மக்கிச் சேர்ந்த சதுப்பு மண்) மூட்டவே கூடாது. மேலே அணைந்தாலும் மண்ணுக்குள் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

மேட்டில் மூட்டுவதற்குக் காரணம் உண்டு. வெளிச்சம் எட்டும் வயல்வரை விளைச்சல் என்பது நம்பிக்கை. அதனால்தான் தார் பீப்பாயைக் கம்பத்தின் உச்சியில் கட்டி எரிப்பதும்.

ஜூன் 21

கதிர்த்திருப்பம் இன்று, விழா 23-இல். யோவான் திருநாளைத் திருச்சபை 24-இல் வைத்தது, யாஞி என்ற பெயரும் அந்த யோவானிடமிருந்து வந்தது. பெயருக்கு அடியில் இருப்பது சூரியன், பசு, வயல். நாட்டுப்பாடல் தொகுத்த க்ரிஷ்யானிஸ் பரோன்ஸ், பாட்டுச் சீட்டுகளை வைக்க 1880-இல் செய்வித்த 70 இழுப்பறை அலமாரியைப் பார்த்தால் தெரியும். அவர் பதிப்பித்த 217,996 நாட்டுப்பாடல்களில் லீகோப் பாட்டுகள் ஆயிரக்கணக்கில். சோவியத் காலத்தில், 1959-இல் லாட்வியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைக்கு வந்த அர்வீத்ஸ் பெல்ஷேயின் ஆட்சியில், இந்த விழாவை ஒடுக்கப் பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு பாலாடைக்கட்டி கட்டுவதை யார் நிறுத்த முடியும்? அந்த உறுதியை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

ஜூன் 22

ரிகாவில் இன்று தோம் சதுக்கத்தில் மூலிகைச் சந்தை. இங்கே புல்வெளிதான் சந்தை.

பனி காய்ந்தபின் பறிக்க வேண்டும், ஈரத்தோடு கட்டினால் உள்ளே கறுத்துவிடும். ஒற்றைக் காம்பு நீளம் 20-25 செ.மீ. டெய்சி, கார்ன்ஃபிளவர், மஞ்சள் மடாரா (சிறு மஞ்சள் பூக்கொத்துச் செடி) நன்றாக நிற்கும். பாப்பி தொட்டதும் உதிரும். குளோவர் காம்பு மெலிசு, மூன்றாகச் சேர்த்துத்தான் பின்ன வேண்டும். பெண்களின் மாலையில் மூன்று ஒன்பது, அதாவது 27 வகைச் செடி சேர்ந்தால் முழுமை. வெள்ளை நக்த்ஸ்வியோலெ ஆர்க்கிட் பாதுகாக்கப்பட்ட செடி, அதைத் தொடாதீர்கள். குடை போல் வெள்ளைப் பூ விரித்து ஆளுயரம் நிற்கும் லத்வானிஸ் பக்கமே போகாதீர்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் எல்லாம் உண்ணி பார்க்க வேண்டும். மூளைக்காய்ச்சல் பரப்பும் உண்ணி இங்கே சாதாரணம்.

வாசலில் பிர்ச் கிளை, கதவுமேல் ரோவன் கிளை. ரோவன் சூனியக்காரிகளைத் தடுக்க.

ஜூன் 23, காலை

ஆண்களுக்கு ஓக் இலை மாலை. ஓக் வெட்டிய சில மணி நேரத்தில் சுருளும், அதனால் வாளித் தண்ணீரில் நிறுத்திவைத்து இன்றே கட்ட வேண்டும். தலைச் சுற்றளவைவிட 3 செ.மீ. பெரிதாக வில்லோக் குச்சி வளையம், இலைக்கொத்து ஒவ்வொன்றும் முந்தையதன் காம்பை மறைக்கும்படி, நூல் இறுக்கமாக. காய்ந்தால் சுருங்கும், தளர்ந்த கட்டு கழன்றுவிடும்.

கட்டி நான்கும் இறுகிவிட்டன. நடுவில் நீர் இல்லை!

மேகம் மேற்கிலிருந்து.

ஜூன் 23, 21:50

தூறல். போன வருட மாலைகளை அடியில் வைத்து ஏற்றியாயிற்று, பிடித்துக்கொண்டது. தொண்டை இரண்டுதான்.

ஜூன் 24, 2:40

பாதிப் பேர் காருக்குள் தூங்கப் போய்விட்டார்கள். யாஞி இரவில் தூங்கியவன் கோடை முழுக்கத் தூங்குவான் என்பார்கள், எழுப்பியும் பார்த்தாயிற்று. தாழ்ந்த நெருப்பைத் தாண்ட இதுதான் சரியான நேரம். சோடியாகத் தாண்டுகிறவர்கள் கையை விடக் கூடாது.

இன்னும் நான்கு கட்டை விறகு போட்டால் 4:39 வரை தாங்கும். ஈர விறகு ஓரத்தில் காய்கிறது. மாலையை எறியாதீர்கள், அடுத்த வருட நெருப்புக்கு வேண்டும். மூலிகையை நிழலில் உலர்த்திக் குளிர்காலத்தில் பசுவுக்கு. பாட்டு 29 வரை