போகிமான் கார்டு: பெற்றோருக்கு ஒரு நாட்குறிப்பு

9 ஜூன் 2025, திங்கள்

போகிமான் என்ற கற்பனை உயிரினங்களின் படம் போட்ட கார்டு மோகம் வகுப்புக்குள் நுழைந்தால் பெற்றோர் இரண்டு கட்சி ஆகிவிடுகிறார்கள். "காசைக் கரியாக்குற சூதாட்டம்" என்பார்கள் சிலர். "போனை வச்சுட்டு நாலு பிள்ளைங்களோட உக்காந்து விளையாடுறானே" என்பார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. கார்டுகள் மூடிய பாக்கெட்டில் வருகின்றன, பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. 1999-லேயே அமெரிக்காவில் இதைச் சூதாட்டம் என்று வழக்குப் போட்டார்கள்.

ஆனால் பாக்கெட் வேறு, விளையாட்டு வேறு. விளையாட ஆளுக்கு 60 கார்டு போதும்: தொடக்கத்தில் கையில் 7, பரிசாகக் கவிழ்த்து வைக்க 6, மீதி எடுத்து ஆடுவதற்கான சீட்டுக் கட்டாக. விளையாடத்தான் ஆசை என்றால் தயார்க் கட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதில் வரும் கார்டுகள் முன்பே நிர்ணயமானவை.

11 ஜூன், புதன்

சேர்ப்பதுதான் ஆசை என்றால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1999-இன் முதல் ஆங்கிலத் தொகுப்பில் 102 கார்டுகள். அவற்றில் மினுக்கும் ஹோலோ 16. அதில் மச்சாம்ப் என்ற கார்டு மட்டும் இருவர் ஆடும் தொடக்கப் பெட்டியில் வந்தது. மற்ற 15-க்கும் பாக்கெட்தான் வழி. ஏறக்குறைய மூன்று பாக்கெட்டுக்கு ஒரு ஹோலோ. பதினைந்துக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டாலும், தனியாகச் சேர்க்கும் பிள்ளை சராசரியாக 150 பாக்கெட் பிரிக்க வேண்டும். அதில் 45 பாக்கெட் கடைசி ஒரே கார்டுக்காக! இருப்பதே திரும்பத் திரும்ப வருவதுதான் காரணம்.

அந்தக் கடைசிக் கார்டு பக்கத்து பெஞ்சில் டபுளாகக் கிடக்கும். அதனால்தான் சொல்கிறேன்: மாற்றிக்கொள்வதைத் தடுத்து, வாங்குவதை மட்டும் விட்டுவைத்தால் செலவு ஏறத்தான் செய்யும். தடுக்க வேண்டியது பாக்கெட்டை.

14 ஜூன், சனி

மாற்றும்போது சண்டை வருவது பெரும்பாலும் பெரிய பிள்ளை சின்னதை ஏமாற்றும்போதுதான். கார்டின் கீழ் மூலையில் உள்ள குறியைச் சின்னவர்களுக்குக் காட்டிக் கொடுங்கள்: வட்டம் சாதாரணம், வைரம் அதைவிட அரிது, நட்சத்திரம் இன்னும் அரிது. தொடக்கத்தில் ஒரே குறிக்கு ஒரே குறி என்று மாற்றட்டும். மறுநாள் மாலைவரை இருவரில் யார் கேட்டாலும் திருப்பித் தர வேண்டும் என்று இரு வீட்டாரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. பள்ளிக்கு டபுள் மட்டும் போகட்டும்.

20 ஜூன், வெள்ளி

போலி கார்டு நிறையப் புழங்குகிறது. கார்டுக்குப் பின்னால் டார்ச் அடித்து, அசல் என்று உறுதியான ஒன்றோடு ஒப்பிடுங்கள். அசலின் நடுவில் கருப்பு அடுக்கு இருப்பதால் வெளிச்சம் குறைவாகத்தான் வரும். போலியில் பெரும்பாலும் பளிச்சென்று ஊடுருவும். ஆங்கிலக் கார்டின் பின்பக்கத்தில் Pokémon என்ற பெயரில் 'e' எழுத்தின் மேல் சாய்கோடு இல்லையென்றால் போலிதான், சந்தேகமே வேண்டாம்.

ஹோலோ வளைவதை வைத்துப் போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். காகிதம் ஈரத்தை இழுத்து விரியும், முன்பக்க ஃபாயில் விரியாது. அதனால் அசலும் வளையும். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இது சகஜம். ஸ்லீவ் என்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பிவிசி உறை வேண்டாம், பாலிபுரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் ஓரம் வெட்டுப்பட்டுவிடும். அப்படிப்பட்ட கார்டை மாற்றிக்கொள்ள வேறு பிள்ளைகள் முன்வர மாட்டார்கள்.