நாலு ஆர்டரில் ஒன்றரைதான் தேறியது: ஆன்லைனில் ஆந்திரா ஊறுகாய்

"எப்போ போட்டது?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "ஃப்ரெஷ் அண்டி, நேத்துதான் கலந்தோம்" என்று பதில் வந்தது ('அண்டி' என்பது நம் 'ங்க' மாதிரி தெலுங்கு மரியாதைச் சொல்). மாதம் ஆகஸ்ட். கேட்டது ஆவக்காய், அதாவது ஆந்திரா மாங்காய் ஊறுகாய். அந்த வரியைப் படித்ததுமே விலகியிருக்க வேண்டும். விலகாமல் ஒரு கிலோவுக்கு ஜிபே பண்ணிவிட்டேன்.

ஆவக்காயில் 'ஃப்ரெஷ்' என்பது பாராட்டே கிடையாது. 'ஆவ' என்றால் கடுகு. வெயில் உச்சத்தில் இருக்கும்போது, ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கத்துக்குள், கொட்டை ஓடு முற்றி, சதை கல் மாதிரி இருக்கும் புளிப்புக் காயை வெட்டி, கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, கல்லுப்பு, நல்லெண்ணெயோடு கலந்து ஜாடியில் போடுவார்கள். வருஷம் முழுவதற்கும் அதுதான். ஒரு மழை விழுந்துவிட்டால் காயில் நீர் ஏறிவிடும், போட்டாலும் நிற்காது. அப்படியிருக்க ஆகஸ்டில் 'நேற்று கலந்தது' எப்படி வரும்? பெரும்பாலும் ஒரே வழிதான்: சீசனில் வெட்டி, உப்புத் தண்ணீரில் டிரம் டிரம்மாக ஊறப்போட்ட துண்டுகளை எடுத்து அலசி, ஆர்டர் வரும்போது மசாலா கலப்பது. ஆலைகள் செய்வது இதைத்தான். அதில் கலப்படம் ஏதும் இல்லை, ஆனால் காயின் புளிப்பும் வாசமும் உப்புத் தண்ணீரோடு போய்விடும். அதை ஈடுகட்ட சிட்ரிக் அமிலமோ வினிகரோ சேர்ப்பார்கள். எனக்கு வந்த ஜாடி அதேதான். துண்டு முழுக்க ஒரே சீரான மங்கல் மஞ்சள், கடித்தால் உள்ளிருந்து உப்பு, புளிப்பு நாக்கின் நுனியில் மட்டும். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல். நேற்று கலந்தது உண்மை!

நிஜமாகவே புதிதாகப் போட்ட ஆவக்காய் என்றாலும் உடனே அனுப்பினால் சிக்கல். கலந்த மூன்றாம் நாள் காய் நீர் விட்டிருக்கும். அப்போது அடியோடு புரட்டிக் கலந்து, உப்பு பார்த்து, குறைந்தால் போட்டு, எண்ணெய் சேர்ப்பார்கள். அதற்கு முன்னால் பாக்கெட்டில் அடைத்தால் உப்புச் சரியா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கடுகின் பச்சைக் கசப்பு அடங்க இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: காய் வெட்டியது எந்த மாதம், மறுகலப்பு முடிந்து எத்தனை நாள்? இரண்டுக்கும் 'ஃப்ரெஷ் அண்டி' என்றே பதில் வந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.

அடுத்த குழி, பெயர்கள். நமக்குப் பச்சடி என்றால் தயிர்ப்பச்சடி. அங்கே துவையலும் பச்சடி, ஊறுகாயும் பச்சடி. 'நில்வ பச்சடி' என்று இருந்தால்தான் வைத்துச் சாப்பிடும் ஊறுகாய். 'ரோட்டி பச்சடி' என்பது ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வது இல்லை. ரோலு என்றால் உரல், உரலில் இடித்த துவையல். அது இரண்டு மூன்று நாளைக்குத்தான். அதையும் கூரியரில் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். 'காரம்' என்றால் மிளகாய்ப்பொடி. வெல்லுல்லி காரம் பூண்டுப் பொடி, ஊறுகாய் பட்டியலில் இருந்தாலும் பொடிதான். ஆனால் கொரிவி காரம் என்பது பழுத்த சிவப்பு மிளகாயை அரைத்த ஈர ஊறுகாய். 'பப்பு நூனெ' என்று எழுதியிருந்தால் பருப்பு எண்ணெயா என்று குழம்ப வேண்டாம், நல்லெண்ணெய்தான்.

மாங்காயிலேயே ஏழெட்டு வகை இருக்கிறது. மாகாய் என்பது தோல் சீவி, உப்பில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்த துண்டுகளில் போடுவது. அதில் வெந்தயமும் பெருங்காயமும் தூக்கல். வெல்லம் போட்டது பெல்லம் ஆவக்காய், பாசிப்பருப்பு மாவு போட்டது பெசர ஆவக்காய், எள்ளுப்பொடி போட்டது நுவ்வு ஆவக்காய். வெறுமனே 'மேங்கோ பிக்கிள்' என்று போட்டிருக்கும் பக்கத்தில் எது வரும் என்று விற்பவருக்கே நிச்சயம் இருக்காது. பூண்டு வேண்டாதவர்கள் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது ஆர்டர், நவம்பரில், வேறொரு கடையில்: தோசாவக்காயும் கோங்குராவும். தோசாவக்காய் மஞ்சள் வெள்ளரியில் போடுவது. நீர் நிறைந்த காய், நல்ல கைப்பக்குவத்திலேயே மூன்று வாரம் தாங்கினால் பெரிது. தரைவழிக் கூரியரில் ஆறு நாள் அலைந்து வந்தபோது பவுச் பந்து மாதிரி உப்பியிருந்தது. உப்பிய பை என்றால் உள்ளே நொதித்து வாயு கட்டியிருக்கிறது. திறந்து ருசி பார்க்கத் தேவையில்லை. ஒரு மூலையில் எண்ணெய் கசிந்து, கோங்குரா பையின் லேபிள் வரை நனைத்துவிட்டது. தோசாவக்காய் வேண்டுமென்றால் கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள், இரண்டு நாளில் வந்து சேரும் என்றால் மட்டும் வாங்குங்கள். கோழி, இறால் ஊறுகாய்க்கும் இதே கணக்கு, இன்னும் கறாராக.

கோங்குரா தேறியது. புளிச்சகீரை ஊறுகாய் என்றால் கரும்பச்சை, கிட்டத்தட்டப் பழுப்பு நிறத்தில்தான் இருக்கும். கீரையின் பச்சை அதன் புளிப்பிலேயே மாறிவிடும். படத்தில் பளிச்சென்ற பச்சையாக இருந்தால் வண்ணமாக இருக்கலாம், அல்லது அன்று வதக்கிய துவையலின் படமாக இருக்கலாம். செந்தண்டுக் கீரையா என்று கேளுங்கள், அதுதான் புளிப்பு.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு கிலோ மாங்காய்த் துண்டுக்கு ஏறக்குறைய 200 கிராம் மிளகாய்ப்பொடி, 200 கிராம் கடுகுப்பொடி, 200 கிராம் உப்பு, 450 மில்லி எண்ணெய். எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டு கிலோ ஊறுகாய். அதாவது ஒரு கிலோ ஜாடியில் அரைக் கிலோ துண்டும் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக எண்ணெயும் இருக்க வேண்டும். கால் லிட்டர் நல்லெண்ணெயின் விலையை உங்கள் கடையில் கேட்டுப் பாருங்கள். அதன் மேல் மாங்காய், மிளகாய், ஜாடி, கூலி. கிலோ 300 ரூபாய்க்குக் 'கானுக எண்ணெய்' என்றால், அதாவது செக்கெண்ணெய் என்றால், நம்பாதீர்கள். வந்த ஜாடியில் துண்டுகளைத் தனியே எடுத்து நிறுத்துப் பார்த்தேன். முதல் ஆர்டரில் கிலோவுக்கு 310 கிராம். மீதியெல்லாம் மசாலாக் குழம்பு. எண்ணெய்க்கு ஒரு எளிய சோதனை: மேலே நிற்கும் எண்ணெயில் இரண்டு ஸ்பூன் எடுத்து ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். உறைந்து வெண்ணெய் மாதிரி திரண்டால் பாமாயில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கடலை எண்ணெய் கொஞ்சம் கலங்கும், நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது ஆர்டரில் பிரச்சினை காகிதத்தில். பிப்ரவரி மாதம், பண்டு மிர்ச்சிக்குச் சரியான சீசன் (பழுத்த மிளகாய் ஜனவரி முதல் மார்ச் வரைதான் நன்றாக வரும்), ஆகவே தைரியமாக ஆர்டர் செய்தேன். வந்த பாட்டிலில் 'ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தவும்' என்று இருந்தது. எந்த நாளிலிருந்து ஆறு மாதம்? தயாரித்த தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை. பில் கேட்டால் "பேமெண்ட் ஸ்கிரீன்ஷாட்டே பில் அண்டி" என்றார்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்பு ஆணையம் தருவது) மட்டும் பெரிதாக அச்சடித்திருந்தது.

அந்த எண்ணைப் பார்க்கத் தெரிந்துகொள்வது நல்லது. மொத்தம் 14 இலக்கம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு தயாரிப்பாளருக்கான பதிவு. வீட்டில் போட்டு விற்பவர்கள் பெரும்பாலும் 2-இல்தான் இருப்பார்கள், அதில் குறையில்லை. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம்: ஆந்திரா 01, தெலங்கானா 36, தமிழ்நாடு 24, 00 என்றால் மத்திய உரிமம். 'கோதாவரி அம்மம்மா கைமணம்' என்ற ரீதியில் பேசிய பாட்டிலின் எண் கோதாவரி பக்கமே போகாத மாநிலத்துடையது. அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) தளத்தில் எண்ணைப் போட்டுத் தேடினால் யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். எனக்கு வந்தது காலாவதி என்று. இதை வாங்கின பிறகு பார்த்தேன். நீங்கள் பணம் அனுப்பும் முன் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை.

லேபிளில் இன்னொன்று: சேர்மானங்களை எடை அதிகமுள்ளதிலிருந்து இறங்கு வரிசையில்தான் போட வேண்டும் என்பது விதி. ஆவக்காயில் மாங்காய்க்கு முன்னால் எண்ணெயோ உப்போ வந்தால் விஷயம் புரிந்துவிடும். ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கும் பொருட்களின் சர்வதேச எண்: 211 என்றால் சோடியம் பென்சோவேட், 260 அசிட்டிக் அமிலம், 330 சிட்ரிக் அமிலம். இவை அனுமதிக்கப்பட்டவைதான், ஆனால் விற்பனைப் பக்கத்தில் 'நோ பிரிசர்வேட்டிவ்ஸ்' என்று போட்டுவிட்டு லேபிளில் 211 இருந்தால் அந்தப் படம் உங்கள் புகாருக்குப் போதும்.

புகார் என்றதும்: "உணவுப் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை" என்று எல்லாப் பக்கத்திலும் எழுதியிருப்பார்கள். கெட்டுப்போனதற்கும் லேபிள் இல்லாததற்கும் அது பொருந்தாது. பெட்டியைப் பிரிக்கும்போதே, கூரியர் ஸ்டிக்கர் தெரியும்படி ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். தோசாவக்காய்க்கு அந்த வீடியோதான் பாதிப் பணத்தை மீட்டுத் தந்தது. மூன்றாவது கடை பதிலே சொல்லவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன் என்று எழுதியதும் பத்து நிமிடத்தில் "சாரி அண்டி", மறுநாள் முழுப் பணம்.

நான்காவது ஆர்டர் மே மாதம், முன்பதிவு, ஒரு சிக்கலும் இல்லை. வித்தியாசம் நான் அனுப்பிய செய்தியில்தான் இருந்தது. அப்படியே தருகிறேன்: "இந்த வருஷக் காயா? எந்த ரகம்? கொட்டை ஓட்டோடு வெட்டியதா? எண்ணெய் என்ன? பூண்டு உண்டா? மறுகலப்பு முடிந்து ஒரு வாரம் கழித்து அனுப்ப முடியுமா? பவுச்சில் அனுப்புங்கள், ஜாடி வேண்டாம்." பதில் வர ஒரு நாள் ஆனது, ஆனால் வரி வரியாக வந்தது: கொத்தப்பள்ளி கொப்பரி ரகம், ஓட்டோடு, பப்பு நூனெ, குண்டூர் மிளகாயோடு நிறத்துக்குக் கொஞ்சம் பியாடகி. ரகம் கேட்டது சும்மா இல்லை. 'கலெக்டர்' என்று பதில் வந்தால் அது நம் கிளிமூக்கு. சதை அதிகம், புளிப்புக் கம்மி, விலை மலிவு, சீக்கிரம் குழைந்துவிடும். ஜலாலு, சின்ன ரசாலு என்றால் வாங்கலாம். ஓடு ஒட்டியிருந்தால்தான் துண்டு வருஷம் முழுக்க உருக்குலையாமல் நிற்கும்.

பவுச் கேட்டதற்குக் காரணம், ஜாடியின் மூடி. வாயில் அலுமினியத் தாள் முத்திரை இல்லாத பிளாஸ்டிக் ஜாடி வண்டிச் சூட்டில் எண்ணெய் கக்கும், கண்ணாடி உடையும். தடித்த பவுச்சில், பைக்குள் பையாக வந்தால் எடையும் குறைவு, கூரியர்க் கட்டணமும் குறைவு. வந்தவுடன் கொதிநீரில் கழுவி, வெயிலில் முழுக்க உலர்த்திய பீங்கான் அல்லது கண்ணாடி ஜாடிக்கு மாற்றிவிடுங்கள். ஒரு நாள் அசையாமல் வையுங்கள், எண்ணெய் மேலே எழும்பும். ஒரு விரல் உயரத்துக்கு நிற்காவிட்டால் நல்லெண்ணெயைச் சுடவைத்து, முழுக்க ஆறிய பிறகு ஊற்றுங்கள். மேலே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பதற வேண்டாம். தண்ணீரில் போட்டுக் கரைந்தால் உப்பு, பஞ்சு மாதிரி படர்ந்தால் பூஞ்சை. பூண்டுப்பல் பச்சையாகவோ நீலமாகவோ மாறியிருந்தால் புளிப்புக்கும் பூண்டுக்கும் இடையிலான வேலை, கெட்டது இல்லை.

முதல் நாள் சாதத்தில் பிசைந்தபோது லேசாகக் கசந்தது. கடைக்காரரைத் திட்டி மெசேஜ் டைப் செய்து, அனுப்பாமல் விட்டேன். பதினெட்டாம் நாள் கசப்புப் போயிருந்தது.