சேர், நான் கண்டது இதுதான்

திருகோணமலையில் நான் கூடைப்பந்தாட்ட நடுவராக நிற்கத் தொடங்கிய முதல் வருடத்திலேயே, எனக்குப் பத்தாம் ஆண்டில் கணிதம் கற்பித்த ஆசிரியர் பயிற்றுவிப்பாளராக இருந்த அணியின் போட்டி ஒன்று என் பொறுப்பில் வந்தது. வகுப்பில் அவர் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லிப் பழகியவன் நான். அன்று ஆடுகள ஓரத்தில் நின்றபடி அவர் "தம்பி, அது எப்படி ஃபவுல்?" என்று கேட்டபோது, என் வாயில் விசில் இருந்ததே தவிர சொல் எதுவும் வரவில்லை. பேசாமல் ஓடிவிட்டேன். அடுத்த இருபது நிமிடமும் என் ஒவ்வொரு விசிலுக்கும் அவர் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு விளக்கம். அதை அப்போதே கொடுத்திருந்தால் அன்றைய போட்டி வேறு விதமாக நடந்திருக்கும் என்றே இப்போது நினைக்கிறேன்.

கிழக்கில் இந்த விளையாட்டு பெரும்பாலும் கல்லூரிகளின் வழியாகவே வளர்ந்தது. நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த அமெரிக்க இயேசு சபைத் துறவிகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. மட்டக்களப்பில் தலைமுறை தலைமுறையாக மாணவர்களைப் பயிற்றுவித்து, 1990 ஆகஸ்ட் மாதத்தில் காணாமற்போன அருட்தந்தை யூஜின் ஹேபர்ட்டை இன்றும் இங்கே மூத்தவர்கள் நினைவுகூருகிறார்கள். ஆகவே எங்கள் பக்கத்தில் பயிற்றுவிப்பாளர் என்பவர் முதலில் 'பாதர்' அல்லது 'சேர்', அதன் பிறகுதான் பயிற்றுவிப்பாளர். அவருக்கு மறுமொழி சொல்வதே மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட ஒருவன் விசிலைக் கையில் எடுக்கும்போது, ஒன்றில் ஊமையாகிவிடுகிறான், அல்லது பயத்தை மறைக்க முரட்டுத்தனமாகப் பேசுகிறான். நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

இரண்டாவதைச் செய்த நாள் என் மனத்தில் இன்னும் ஆறவில்லை. பாடசாலை அணிகள் இரண்டின் போட்டி, நான்காம் கால் பகுதி, புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. 14ஆம் இலக்க வீரர் எதிரணி வீரரின் கையில் அடித்தார், விசில் அடித்தேன். ஃபவுல்களைப் பதியும் மேசைக்கு அவருடைய இலக்கத்தைக் காட்டும்போது ஒரு கையை முட்டியாக மூடிப் பத்தையும் மறு கையில் நான்கு விரல்களையும் காட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் நான்கு விரல்களை மட்டும் காட்டிவிட்டேன். அந்த அணியின் 4ஆம் இலக்க வீரருக்கு ஏற்கெனவே நான்கு ஃபவுல்கள் இருந்தன. மேசையில் இருந்தவர்கள் அவனை ஆட்டத்திலிருந்து வெளியேற்றும் ஐந்தாவதை எழுதினார்கள். அந்தப் பிள்ளை தலையில் கையை வைத்துக்கொண்டு வெளியே நடக்கத் தொடங்கினான். பயிற்றுவிப்பாளர் எழுந்து, "நாலாம் நம்பர் பொடியன் அந்தப் பக்கம் நிக்கவே இல்லை, சேர்" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. நான் அவரைத் திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, போதும் என்று காட்டினேன்.

என்னுடன் நின்ற மூத்த நடுவர் மெதுவாக அருகே வந்து, "பதினாலு தானே?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. இப்படிப்பட்ட பதிவுத் தவறைத் திருத்த விதியில் இடமுண்டு. மேசைக்குச் சென்று திருத்தினேன், பிள்ளையும் திரும்பி வந்து ஆடினான். பிறகு பயிற்றுவிப்பாளரிடம் போய், "சேர், இலக்கத்தை நான் பிழையாகக் காட்டிவிட்டேன், இப்போது சரி" என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு அமர்ந்தார். இலக்கத்தைத் திருத்த முடிந்தது. நீட்டிய கையை என்ன செய்வது? அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் அவர்களுடைய ஆசிரியரை நான் அடக்கிக் காட்டியிருந்தேன். அன்றிலிருந்து என் உள்ளங்கையைப் பேச்சுக்குக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன்.

கேள்வி வேறு, குற்றச்சாட்டு வேறு. "எந்த ஃபவுலுக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேட்கும் பயிற்றுவிப்பாளருக்குப் பதில் கடன்பட்டிருக்கிறேன். "எல்லாம் அவங்களுக்குத்தான்" என்று சொல்பவர் பதிலை எதிர்பார்க்கவில்லை; அதற்கு வாய் கொடுத்தால் முடிவில்லை. பதில் சொல்லும்போது நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்வதில்லை, கண்ணால் கண்டதையே சொல்கிறேன். ஓடி வந்த வீரர் தடுப்பவரை மோதித் தள்ளினார் என்று விசில் அடித்தால் எந்தப் பயிற்றுவிப்பாளரும் பிழை தடுத்தவருடையது என்றுதான் வாதிடுவார். "சேர், அவர் முகம் கொடுத்து, இரண்டு காலும் தரையில் ஊன்றி முதலே நின்றார், மோதியது நெஞ்சில்" என்று சொன்னால் அதில் என் பெருமை எதுவும் இல்லை. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், எதைப் பார்த்து விசில் அடித்தேன் என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

எங்கள் அன்றாடப் பேச்சில் ஊறிப்போன ஒரு சொல் இங்கே ஆபத்தானது. அது "பார்க்கிறன்". அலுவலகத்தில் மனுவோடு வருபவரை நோகாமல் அனுப்புவதற்கு நாங்கள் சொல்வதுதான் அது. "அந்த அஞ்சாம் நம்பர் ஒவ்வொரு முறையும் ஜேர்சியைப் பிடிக்கிறான்" என்று பயிற்றுவிப்பாளர் சொல்லும்போது "பார்க்கிறன் சேர்" என்று விட்டால், அவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார். அடுத்த முறை விசில் வராதபோது நான் சொல் தவறியவனாகிறேன். "கேட்டுக்கொண்டேன்" என்பதோடு நிறுத்துவது நேர்மையானது.

திருகோணமலைக்கே உரிய இன்னொரு சிக்கல் மொழி. ஒரு பக்கம் தமிழ் பேசும் அணியும் மறுபக்கம் சிங்களம் பேசும் அணியும் ஆடும் போட்டியில், ஒரு பயிற்றுவிப்பாளரோடு தமிழில் நான்கு வசனம் பேசிவிட்டு மற்றவரிடம் அரைகுறைச் சிங்களத்தில் ஒரு சொல்லோடு முடித்தால், இரண்டாமவர் என்ன நினைப்பார் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இங்கே அது விளையாட்டோடு நிற்கும் சந்தேகமும் அல்ல. அதனால் இருவருக்கும் ஒரே அளவாகப் பேசுகிறேன். 'புஷ்', 'ஹோல்டிங்', 'பிளொக்கிங்' என்று இரு மொழியினருக்கும் பழகிய சொற்களையும் கைச்சைகையையும் சேர்த்துக் காட்டுகிறேன். போட்டிக்கு முன் கைகொடுக்கப் போகும்போதும் நடுவர்கள் சேர்ந்தே இரு பக்கமும் போகிறோம். தெரிந்தவரிடம் நின்று வீட்டுச் சுகம் விசாரிப்பதைப் போட்டி முடிந்த பிறகு வைத்துக்கொள்கிறேன்.

பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பேச்சு இல்லை. ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ எறிதலுக்கு முன்னரோ டைம் அவுட் முடியும்போதோதான் நேரம் கிடைக்கும். அப்போதும் பயிற்றுவிப்பாளருக்கு எதிரே நிற்காமல், அவர் பக்கத்தில் இருவரும் ஆடுகளத்தைப் பார்த்தபடி நிற்பது நல்லது. முகத்துக்கு முகம் நின்றால் பார்வையாளருக்கு அது சண்டை. அவர்கள் கூவத் தொடங்கினால் பயிற்றுவிப்பாளரும் பின்வாங்க முடியாதவராகிவிடுவார்.

சர்வதேச விதிகளின்படி, நடத்தைக்காகத் தன் பெயரில் இரண்டு டெக்னிக்கல் ஃபவுல்கள் விழுந்தால் தலைமைப் பயிற்றுவிப்பாளர் வெளியேற வேண்டும். தன் இருக்கை வரிசையினர் செய்தவற்றையும் சேர்த்து மூன்றானாலும் அதே கதி. சிலர் அந்தத் தண்டனையை அதிகாரத்தின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை, ஆனால் கொடுக்கத் தயங்குவதும் இல்லை. முதலில் ஒருமுறை தெளிவாக எச்சரிக்கிறேன்; எச்சரித்ததை உடன் நிற்கும் நடுவருக்கும் சொல்லிவிடுகிறேன். மறுமுறை விசில்தான். விசிலுக்குப் பிறகு அவரை நோக்கி நடப்பதில்லை. விளக்கம் தேவையென்றால் மற்ற நடுவர் போய்ச் சொல்வார்.

அண்மையில் 15 வயதுக்குட்பட்ட பெண்களின் போட்டி ஒன்றில், முதன்முறையாக அணியைக் கொண்டுவந்திருந்த இளம் ஆசிரியை ஒருவர், எழுந்து நிற்கலாமா என்ற தயக்கத்தோடே, "சேர், பிள்ளை கையைத் தூக்கித்தானே நின்றா, ஏன் ஃபவுல்?" என்று கேட்டார். ஃப்ரீ த்ரோவுக்குப் பிள்ளைகள் வரிசையாகிக்கொண்டிருந்தார்கள். "கை நேராகத்தான் இருந்தது டீச்சர், உடம்பு பக்கவாட்டில் சரிந்து மோதியது" என்று என் தோளைச் சற்றுச் சரித்துக் காட்டினேன். அவர் "ஓ" என்றார். திரும்பி, அந்தப் பிள்ளையை அருகே அழைத்து, தானும் கைகளை மேலே தூக்கி நிமிர்ந்து நின்று காட்டினார். பிள்ளையும் அதேபோல் நின்று பார்த்துவிட்டு வரிசைக்கு ஓடிவந்தாள். நான் பந்தை எறிபவரிடம் கொடுத்தேன்.