ஒரு நீர்மூழ்கியின் எடைக் கணக்கோடு சில வருடங்கள்

நீர்மூழ்கிக் கப்பல் வடிவமைப்பு அலுவலகம் என்றதும் பலர் சோனார், டார்பிடோ, பூட்டிய அறைகள் என்றுதான் கற்பனை செய்கிறார்கள். எனக்கு வாய்த்தது எடைக் கணக்கு. பழைய டீசல்-எலக்ட்ரிக் நீர்மூழ்கிகளுக்குப் பதிலாகப் புதியவை கட்ட முடிவுசெய்த ஒரு கடற்படைக்காக உழைத்த குழுவில் எடைப் பொறியாளராக இருந்தேன். எந்த நாடு, எந்தக் கட்டுமானத் தளம் என்று சொல்ல நான் கையெழுத்திட்ட தாள்கள் இடம் தராது. தெரியாமல் போவதால் பெரிய நஷ்டமும் இல்லை. எங்கே நடந்தாலும் இந்த வேலை ஏறக்குறைய இதே பாதையில்தான் போகிறது.

ஏன் இத்தனை வருடம் ஆகிறது என்று கேட்காத நண்பர்கள் இல்லை. கேட்கும்படியாகத்தான் இருக்கிறது. இந்தியா ஆறு ஸ்கார்பீன் ரகக் கப்பல்களுக்கு 2005இல் ஒப்பந்தம் போட்டது. முதலாவதான கல்வரி படையில் சேர்ந்தது 2017 டிசம்பரில், ஆறாவதான வாக்‌ஷீர் 2025 ஜனவரியில். நார்வே 2017இல் ஜெர்மனியைக் கூட்டாளியாகத் தேர்ந்தெடுத்தது, 2021இல் கையெழுத்திட்டது. முதல் கப்பல் 2029இல் வரும் என்பது திட்டம். உருக்கை வெட்டி வளைத்து ஒட்டவும் காலம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரை அதிகக் காலம் போவது உருக்குத் தகடு தளத்துக்கு வந்து சேர்வதற்கு முன்னால்தான். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பதில், எடுத்த முடிவை மறுபடி திறப்பதில். எல்லா முடிவுகளும் கடைசியில் கிலோவாக மாறி என் மேசைக்கு வந்ததால் முழுச் சண்டையும் எனக்கு நன்றாகவே தெரிந்தது.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். சாதாரணக் கப்பலில் எடை கூடினால் அது தண்ணீரில் கொஞ்சம் தாழ்ந்து மிதக்கும், அவ்வளவுதான். நீர்மூழ்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. மூழ்கியிருக்கும்போது அதன் எடையும் அது விலக்கும் நீரின் எடையும் சமமாக இருந்தாக வேண்டும். எவ்வளவு நீரை விலக்கும் என்பதைக் கப்பலின் உடலான ஹல்லின் கொள்ளளவு தீர்மானித்துவிடுகிறது. அதாவது ஹல்லை வரைந்து முடித்த அன்றே எடை இவ்வளவுதான் இருக்கலாம் என்பதும் முடிவாகிவிடுகிறது. எடை குறைந்தால் அடிப்பகுதியில் ஈயக் கட்டிகளை அடுக்கிச் சரிசெய்யலாம். கூடினால், அடுக்கியதில் கொஞ்சத்தை எடுக்கலாம். எடுப்பதற்கு ஈயமே மிச்சமில்லை என்றால் கப்பலை நீளமாக்க வேண்டும்.

ஸ்பெயினுக்கு இதுதான் நடந்தது. எஸ்-80 ரகத்தின் முதல் கப்பல் கட்டுமானத்தில் நன்றாக முன்னேறிய பிறகு, 2013இல், 75 முதல் 100 டன் வரை எடை கூடுதல் என்று தெரிய வந்தது. அமெரிக்காவின் எலக்ட்ரிக் போட் நிறுவனத்தை ஆலோசனைக்கு அழைத்தார்கள். ஹல்லைச் சுமார் 10 மீட்டர் நீட்டினார்கள். ஐசக் பெரால் என்ற அந்த முதல் கப்பல் கடற்படையின் கைக்கு வந்தபோது 2023 நவம்பர் ஆகிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் யாராவது "இது அரை டன்தானே" என்று ஆரம்பித்தால் யாரோ ஒருவர் மெதுவாக "எஸ்-80" என்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். எப்போதும் இல்லை, பெரும்பாலும்.

எடைப் புத்தகம் என்று நாங்கள் சொன்னது உண்மையில் ஒரு பெரிய தரவுத்தளம். கப்பலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எடையும், அது நீளவாட்டில், அகலவாட்டில், உயரவாட்டில் எங்கே இருக்கிறது என்ற மூன்று எண்களும் வேண்டும். பம்பும் மோட்டாரும் சுலபம். பெயிண்ட், வெல்டிங்கில் சேரும் உலோகம், ஹல்லின் வெளியே ஒட்டும் ரப்பர் ஓடுகளின் பசை, கேபிள்களைப் பிடித்திருக்கும் கிளாம்புகள், இவைதான் உயிரை எடுக்கும். ஒவ்வொரு எண்ணும் ஊகமா, வரைபடத்திலிருந்து கணக்கிட்டதா, தராசில் நிறுத்ததா என்று குறிக்க வேண்டும். ஊகங்கள் நிறுத்த எடைகளாக மாறும்போது மொத்தம் குறைந்து நான் பார்த்ததே இல்லை. கேபிளின் கணக்கு மட்டும் ஒவ்வொரு காலாண்டிலும் ஏறிக்கொண்டே இருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விநோதத்தைச் சொல்ல வேண்டும். பல நீர்மூழ்கிகளில் டீசல் செலவாகச் செலவாக, அதே தொட்டியின் அடியில் கடல்நீர் வந்து இடத்தை நிரப்பும். டீசல் கனமீட்டருக்குச் சுமார் 850 கிலோ, கடல்நீர் 1025 கிலோ. ஆகவே எரிபொருள் தீரத் தீரக் கப்பல் கனமாகிறது! புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதைக் கேள்வியாகக் கேட்டு முழிக்கவைப்பது எங்கள் வழக்கம். இந்த மாற்றம், டார்பிடோ போனால் வரும் மாற்றம், உணவு தீர்ந்தால் வரும் மாற்றம், கடலுக்குக் கடல் மாறும் உப்பின் அளவு எல்லாவற்றையும், கடல்நீரை ஏற்றி இறக்கி எடையைச் சரிசெய்யும் ட்ரிம் தொட்டிகளால் ஈடுகட்ட முடிகிறதா என்று ஒரு பலகோண வரைபடத்தில் பார்ப்போம். எல்லாப் புள்ளிகளும் கோட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு புள்ளி வெளியே போனாலும் அந்த வாரம் யாருக்கும் நிம்மதி இருக்காது.

சரி, தாமதத்துக்கு வருகிறேன். திட்டம் தொடங்கியபோது சொன்னது ரொம்ப நியாயமாக இருந்தது. ஏற்கெனவே கடலில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்வோம், தேவையான சிறு மாற்றங்கள் மட்டும் செய்வோம். அப்புறம் மாற்றங்கள் வரத் தொடங்கின. நம் கிடங்கில் இருப்பது வேறு டார்பிடோ, அதற்குக் குழாயும் ஏற்றும் தடங்களும் மாற வேண்டும். போர்க் கட்டுப்பாட்டு அமைப்பு வேறு நாட்டுடையது, அதன் அலமாரிகளுக்குக் கூடுதல் குளிர்விப்பு வேண்டும். மூல வடிவம் குளிர்ந்த கடலுக்கு வரைந்தது, நம் கடல் வெதுவெதுப்பானது, எனவே குளிரூட்டும் இயந்திரம் பெரிதாக வேண்டும். அது பெரிதானால் மின்சாரம் கூடுதலாக வேண்டும், பேட்டரி பெரிதாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சரியான காரணம் இருந்தது. கேட்டவர்கள் யாரும் ஆடம்பரத்துக்குக் கேட்கவில்லை. ஆனால் கூட்டிப் பார்த்தபோது மூல வடிவத்தில் மிஞ்சியது பெயரும் விட்டமும்தான்.

ஆஸ்திரேலியாவின் கதை இதன் உச்சம். ஆறு காலின்ஸ் ரகக் கப்பல்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு வேண்டும் என்று 2016இல் பிரெஞ்சு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் மூலம் அணுசக்தியில் ஓடும் பாராகுடா. அதை டீசல்-எலக்ட்ரிக் கப்பலாக மாற்ற வேண்டும். உலையை எடுத்துவிட்டு டீசல் என்ஜினும் பேட்டரியும் எரிபொருளும் வைப்பது என்பது எடையும் இடமும் அடியோடு மாறும் வேலை. எடைப் பொறியாளர் என்ற முறையில் எனக்கு அவர்கள்மீது அனுதாபம் மட்டுமே உண்டு. 2021 செப்டம்பரில் அதைக் கைவிட்டு, அமெரிக்க, பிரிட்டிஷ் உதவியோடு அணுசக்திக் கப்பல்களுக்குப் போனார்கள். கைவிட்டதற்கு பிரெஞ்சு நிறுவனத்துக்குக் கொடுத்த இழப்பீடு 830 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர்.

எங்களிடம் மிக நீண்ட விவாதம் பேட்டரியைப் பற்றியது. பழைய ஈய-அமில பேட்டரியா, லித்தியம் அயானா? கூடவே, காற்று இல்லாமல் மின்சாரம் தரும் ஏஐபி வேண்டுமா வேண்டாமா?

ஈய-அமில பேட்டரியின் குணங்கள் எல்லோருக்கும் தெரியும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், காற்றோட்டம் வேண்டும். வேகமாகச் சக்தியை உறிஞ்சினால் அதன் கொள்ளளவே சுருங்கிவிடும். ஆனால் நூற்றுக்கணக்கான டன் எடையோடு கப்பலின் அடியில் உட்கார்ந்து, நிலைத்தன்மையையும் தருகிறது. அதே இடத்தில் லித்தியத்தை வைத்தால் சக்தி கூடும், சார்ஜ் சீக்கிரம் ஏறும், ஸ்நார்க்கல் என்ற காற்றுக்குழாயை நீருக்கு மேலே நீட்டி டீசலை ஓட்டும் நேரம் குறையும். அந்த நேரம்தான் நீர்மூழ்கி மாட்டிக்கொள்ளும் நேரம். ஆனால் அடியில் எடை குறைவதால் அங்கே மறுபடி ஈயம் அடுக்க வேண்டும். ஈயத்தை எடுத்துவிட்டு ஈயம் வைக்கிறோம் என்று ஒரு மூத்த பொறியாளர் சிரித்தது நினைவிருக்கிறது. ஒரு செல் சூடேறித் தீப்பிடித்தால் பக்கத்துச் செல்லுக்குப் பரவாமல் தடுக்கும் ஏற்பாடு வேறு. அதற்கும் எடை உண்டு.

ஏஐபியிலும் வகைகள். ஸ்வீடன் 1996இல் சேர்த்த காட்லண்டில் ஸ்டர்லிங் என்ஜின், திரவ ஆக்சிஜனோடு டீசலை எரிக்கும். ஜெர்மனியின் 212 ரகத்தில் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் ஃப்யூவல் செல், அந்த ஹைட்ரஜனை உலோகக் கலவைக்குள் உறிஞ்சவைத்து நீரின் அழுத்தத்தைத் தாங்கும் உடலான பிரஷர் ஹல்லுக்கு வெளியே உருளைகளில் வைக்கிறார்கள். பாதுகாப்பான வழி, ஆனால் அந்த உருளையின் எடையில் இரண்டு சதவீதம்கூட ஹைட்ரஜன் தேறாது. மெதுவாக ஊர்ந்தபடி இரண்டு வாரங்கள்வரை மேலே வராமல் இருக்க ஏஐபி உதவும். வேகமாக ஓட உதவாது. ஜப்பான் 2020இல் சேர்த்த ஓர்யூவில் ஸ்டர்லிங் என்ஜினை எடுத்துவிட்டு முழுவதும் லித்தியம் பேட்டரிக்குப் போனது. எங்கள் கூட்டங்களில் ஒரு தரப்பு அதை மேற்கோள் காட்டும். இன்னொரு தரப்பு, ஜப்பான் அந்தத் துணிச்சலுக்கு முன் எத்தனை கப்பல் கட்டியிருக்கிறது பார் என்று பதில் சொல்லும். இரண்டாவது தரப்பின் பக்கம்தான் நான்.

விவாதம் நடப்பது தப்பில்லை. அது முடியாமல் இழுத்தால் என்ன ஆகும் என்பதை வெளியில் இருப்பவர்கள் பார்ப்பதில்லை. பேட்டரி எது என்று தெரியாமல் மின்னழுத்தத்தின் வீச்சு தெரியாது. அது தெரியாமல் பிரதான மோட்டாரை இறுதி செய்ய முடியாது. மோட்டாரோ வருடக்கணக்கில் தயாராகும் பொருள். பிரஷர் ஹல்லின் வளையங்களை ஒட்டி மூடும் முன் அது உள்ளே போயிருக்க வேண்டும். மூடிய பிறகு உள்ளே போகக்கூடியது ஹாட்ச் என்ற நுழைவாயிலின் அகலத்துக்குள் அடங்கும் சாமான் மட்டுமே, இல்லையென்றால் ஹல்லை வெட்ட வேண்டும். ஒரு கூட்டத்தில் "அடுத்த முறை பேசுவோம்" என்று தள்ளிவைத்தது, தளத்தில் ஒரு வெல்டிங் குழு சும்மா உட்கார்ந்திருக்கும் மாதங்களாக வந்து நிற்கும். பேட்டரி முடிவாகும்வரை எடைப் புத்தகத்தை இரண்டு பிரதிகளாக நடத்தினேன், ஒவ்வொரு தேர்வுக்கும் ஒன்று. இதை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

வளையங்கள் பற்றி ஒரு வார்த்தை. உருட்டி ஒட்டிய ஒவ்வொரு வளையமும் எவ்வளவு துல்லியமான வட்டம் என்று அளப்பார்கள். வட்டம் சற்றே கோணினாலும் ஹல் நசுங்கும் ஆழம் குறைந்துவிடும். ஒட்டுமுன் தகட்டைச் சூடாக்கி, ஒட்டியபின் எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் பார்த்து, குறை இருந்தால் சுரண்டி எடுத்து மறுபடி ஒட்டுவார்கள். இந்தக் கை ஒரு தலைமுறை சும்மா இருந்தால் போய்விடும். மும்பையில் கட்டிய ஷல்கி 1992இலும் ஷங்குல் 1994இலும் படையில் சேர்ந்தன. அப்புறம் அங்கே அடுத்த ரகத்துக்கான ஒப்பந்தம் வர 2005 ஆகிவிட்டது. பிரிட்டனின் அஸ்ட்யூட் 1997இல் ஒப்பந்தமாகி 2010இல்தான் படையில் சேர்ந்தது. இடையில் வடிவமைப்பு அனுபவம் கரைந்துபோயிருந்ததால் அவர்களும் எலக்ட்ரிக் போட்டைத்தான் அழைக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் இரண்டு தளங்கள் மாறி மாறி, ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று வீதம் கட்டிக்கொண்டே இருக்கின்றன. நிறுத்துவதே இல்லை.

புதியது தாமதமானால் பழையது காத்திருக்காது. ஒவ்வொரு ஆழமான முங்கலும் ஹல்லைக் களைப்பாக்குகிறது. வயதான கப்பலுக்கு அனுமதிக்கும் ஆழத்தைக் குறைப்பார்கள், உதிரிபாகம் தயாரித்தவர் கடையை மூடியிருப்பார். நெதர்லாந்து தன் நான்கு வால்ரஸ் கப்பல்களில் முதலாவதை 2023இல் ஓய்வுபெறவைத்து, மற்றவற்றுக்கு உதிரிபாகக் கிடங்காக்கியது. எங்கள் கடற்படையின் பழைய கப்பல்களுக்கும் ஆயுள் நீட்டிப்பு வேலை தொடங்கியது. அதற்கும் எடைக் கணக்கு பார்க்க ஆள் தேவைப்பட்டது, எங்கள் குழுவிலிருந்தே இருவரை எடுத்துக்கொண்டார்கள். தாமதம் தன்னையே தின்று வளர்ந்தது இப்படித்தான்.

ஒரு கட்டத்தில் தலைமை வடிவமைப்பாளர் வடிவத்தை உறையவைத்தார். இனி எதைச் சேர்த்தாலும், அதே எடைக்கு எதையாவது எடுத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், எதை எடுப்பது என்பதைக் கேட்பவரே சொல்ல வேண்டும். கோரிக்கைகள் அடுத்த மாதமே வற்றிவிட்டன. இந்த விதி முதல் நாளிலேயே இருந்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும் என்பது என் கருத்து. கடற்படை அதிகாரிகள் சிலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். முப்பது வருடம் ஓடப்போகிற கப்பலுக்கு முதலிலேயே கதவைச் சாத்தினால் எப்படி என்பார்கள். அதற்காகத்தான் எதிர்கால வளர்ச்சிக்கென்று தனியாக ஈயம் வைக்கிறோம் என்று நான் பதில் சொல்வேன். அந்த ஈயத்தின் மேலும் எல்லோருக்கும் ஒரு கண் இருந்தது.

முதல் கப்பலின் வளையங்களை ஒட்டத் தொடங்கிய பிறகு நான் வேறு வேலைக்குப் போனேன். என் கணக்கு சரியா என்று தெரிய அந்தக் கப்பல் முதன்முறையாக முழுதாக மூழ்கிச் சமநிலை பார்க்கும் சோதனை வரை காத்திருக்க வேண்டும். அது இன்னும் வரவில்லை. பழைய சக ஊழியர் ஒருவர் அண்மையில் பேசினார். முதல் கப்பல் ஈய-அமில பேட்டரியோடுதான் போகிறது. மூன்றாவது கப்பலில் இருந்து லித்தியத்துக்கு மாறலாமா என்று புதிதாக ஒரு குழு போட்டிருக்கிறார்களாம், எடைப் புத்தகம் மறுபடி இரண்டு பிரதிகள் ஆகியிருக்கிறதாம்.